பழைய காருக்குப் புதிய வயரிங்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில் கொஞ்ச நேரம் நின்றால், பலாலி வீதியில் ஒரு மொறிஸ் மைனரோ ஒஸ்ரின் ஏ-40 காரோ போவதை இன்றும் காணலாம். முகூர்த்த நாளென்றால் பூமாலையும் போட்டிருக்கும். பார்ப்பவர் கண் பெயின்ரிலும் குரோமியத்திலும் நிற்கும். நான் பேச வந்தது வெளியே தெரியாத ஒரு வேலை பற்றி. அந்தக் கார்களின் பழைய வயரிங்கை முழுதாகக் கழற்றிவிட்டுப் புதிது போடுகிற கைவேலை அது.

இந்தக் கார்கள் எங்களிடம் இத்தனை காலம் தங்கியதற்கு ஆசை மட்டும் காரணமல்ல. 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. புதுக் கார் எளிதில் வராது. பிறகு போர். 1990க்குப் பின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இவை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி நாங்கள் வானொலிச் செய்தி கேட்ட அதே காலம். வயர் அறுந்தால் கையில் அகப்பட்டதைக் கொண்டு ஒட்டுப் போட்டார்கள். அந்தக் கெட்டித்தனத்தை நான் மெச்சுகிறேன். ஆனால் அந்த ஒட்டுகளை இன்றும் நம்பி ஓடுவது ஆபத்து.

காரணம் சொல்கிறேன். லூக்காஸ் கம்பனியின் பழைய வயரில் செம்புக்கு மேல் இறப்பர், அதற்கு மேல் பருத்தி நூல் பின்னல். எங்கள் வெக்கையில் இறப்பர் காய்ந்து வெடித்து உதிரும். மொறிஸ் மைனரில் இருந்ததோ இரண்டே இரண்டு பியூஸ். ஹெட்லைற்றுக்குக்கூட பியூஸ் கிடையாது. பற்றரியிலிருந்து வருகிற தடித்த மண்ணிற வயர் எங்கேனும் பொடியில் தொட்டால் தடுக்க எதுவுமில்லை; வயர்க் கட்டு முழுவதும் கருகிப் போகும்.

நிறங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. மண்ணிறம் எப்போதும் உயிருள்ளது. வெள்ளை, சாவி திருப்பியபின் உயிர் பெறுவது. பச்சை, அதே மின்சாரம் பியூஸைத் தாண்டிய பிறகு. நீலம் ஹெட்லைற்றுக்கு, சிவப்பு பின் லைற்றுக்கு, கறுப்பு எர்த்துக்கு. இதை அறிந்தவர் இங்கிலாந்தின் கௌலியில் பூட்டிய காரை இங்கே புத்தகம் இல்லாமலே படித்துவிடுவார். ஆகவேதான், முழுக்காரையும் ஒரே சிவப்பு வயரால் சோடித்துவிட்டு “எல்லாம் எரியுதுதானே” என்பவரை நான் வேலைகாரனாக மதிப்பதில்லை. அடுத்த முறை கோளாறு வந்தால் அவருக்கே வழி தெரியாது.

போடுவதைவிடக் கழற்றுவதில்தான் தரம் தெரியும். பற்றரி வயரை முதலில் கழற்றி, ஒவ்வொரு முனைக்கும் துண்டுச்சீட்டுக் கட்டி, படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். பின் லைற்றுக்குப் போகும் நீளமான வயரை உருவுமுன் அதன் நுனியில் உறுதியான நூல் ஒன்றைக் கட்டினால், வயர் வெளியே வர நூல் உள்ளே போய் நிற்கும். புது வயரை அதே நூல் இழுத்துக் கொண்டுபோகும். அவசரக்காரர் இதை விட்டுவிட்டுக் கூரைத் துணியைக் கிழிப்பார்.

கழற்றிய கட்டைப் பலகையில் விரித்து ஆணியடித்து, அதே கிளைகள், அதே நீளங்களில் புதிதைக் கட்டுவது இன்னொரு அழகு. தடிப்பும் பார்க்க வேண்டும். சிறிய லைற்றுகளுக்கு 14 இழை, பாரம் கூடியவற்றுக்கு 28, பிரதான ஓட்டத்துக்கு 44. தகரத்தின் ஓட்டையில் வயர் நுழையும் இடமெல்லாம் இறப்பர் வளையம் புதிதாக இருக்க வேண்டும். வயர் உரசித் தேய்வது அங்கேதான்.

நூல் பின்னிய ஆயத்தக் கட்டு இங்கிலாந்தில் இன்றும் விற்பனைக்கு உண்டு. உருவம் மாறாத காருக்கு அது பொருந்தும். டைனமோவை எடுத்து ஓல்டர்னேற்றர் பூட்டிய எங்களூர்க் கார்களுக்குக் கையால் கட்டியதே மேல். பழைய கார்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனைதான் எர்த். அதைக் கவனியாமல் இக்காலத்துக் கார் ரேடியோவைப் பூட்டினால் அது புகைந்து போகும்.

முடித்தவுடன் பற்றரியை நேரே கொடுக்கக்கூடாது. எல்லாச் சுவிச்சையும் நிறுத்தி, நடுவில் ஒரு 21 வாற்ஸ் பல்பைத் தொடுத்துப் பார்க்க வேண்டும். பல்பு பளீரென்று எரிந்தால் எங்கோ ஷோட்; பல்பு இருப்பதால் வயர் தப்பும்.

வீட்டில் இப்படி ஒரு கார் நிற்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பெயின்ற்றுக்குக் காசு ஒதுக்குமுன் வயரிங்கைப் பாருங்கள். கழற்றிய கட்டைச் செம்புக்காக உடனே பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். மாரி மழையில் ஒரு இரவு ஓடி, எல்லா லைற்றும் எரிந்தபிறகு கொடுத்தால் போதும்.