பல்லி காட்டிய வழி

அமெரிக்கப் பாலைவனத்தில் கிலா மான்ஸ்டர் என்றொரு விஷப்பல்லி உண்டு. அதன் விஷத்தில் எக்ஸெண்டின்-4 என்ற பொருள் இருப்பதை 1992-ல் அறிவித்தார் நியூயார்க் மருத்துவர் ஜான் எங். சாப்பிட்டதும் மனிதக் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போன்றதுதான் அது. ஆனால் குடல் ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். பல்லியுடையது மணிக்கணக்கில் நின்று வேலை செய்யும். 2005-ல் அது சர்க்கரை நோய்க்கு ஊசியாக வந்தது.

அந்த வரிசையில் பின்னால் வந்தது செமாக்ளூடைட். வாரம் ஓர் ஊசி, பசி அடங்கும். 68 வார ஆய்வில் எடை சராசரியாக 15 சதவீதம் குறைந்தது.

குமட்டலும் வாந்தியும் வரலாம். அதனால்தான் மருத்துவர் சிறிய அளவில் தொடங்கி, மாதாமாதம் கூட்டுகிறார். கல்யாணத்துக்குள் இளைக்க மருந்துக்கடையில் தானே வாங்கிக் குத்திக்கொள்கிற சமாசாரமல்ல இது.

நிறுத்தினால்? ஆய்வில் பங்கேற்றவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்ப ஏறிவிட்டது.