மாத்திரை போட்டும் விடாத தலைவலி

போன வாரம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "என் தங்கச்சி ப்ளஸ் ஒன் படிக்கிறா. வாரத்துல நாலு நாள் தலைவலி. ஞாயித்துக்கிழமை மட்டும் வர்றதே இல்ல. வீட்டுல எல்லாரும் நடிப்புன்னு சொல்றாங்க. நிஜமாவே நடிப்பா?"

இல்லைங்க. இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப் போறேன்.

எனக்குப் பதினாலு வயசுல இதே கதை. முதல்ல கண் டாக்டர், பவர் இல்லைன்னுட்டார். அப்புறம் சைனஸ்னு சொல்லி தினமும் ஆவி பிடிச்சேன். நெத்தி முழுக்கத் தைலம். கடைசியில 'பரீட்சை பயம்'னு ஃபைலை மூடிட்டாங்க. மைக்ரேன்ங்கிற வார்த்தையையே காலேஜ் வந்த பிறகுதான் கேட்டேன்.

ஏன் தெரியாமப் போச்சு? மைக்ரேன்னா ஒத்தைத் தலைவலின்னுதான் நமக்குப் பழக்கம். ஆனா பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ரெண்டு பக்கமும், நெத்தி முழுக்க வலிக்கும். பெரியவங்களுக்குக் குறைஞ்சது 4 மணி நேரம் நீடிக்கணும்னு கணக்கு. 18 வயசுக்குக் கீழ 2 மணி நேரமே போதும். ஸ்கூல்ல இருந்து வாந்தி வர்ற மாதிரி வந்து, லைட்டை அணைச்சுட்டுப் படுத்து, ஏழு மணிக்கு எழுந்து தோசை கேட்டா? "பார்த்தியா, சரியாயிடுச்சு!"ம்பாங்க. அது நடிப்பில்ல, அந்த வயசு மைக்ரேன் அப்படித்தான்.

சரி, ஞாயித்துக்கிழமை? அன்னைக்கு ஒன்பது மணி வரைக்கும் தூக்கம், நிதானமா டிஃபன், டியூஷன் கிடையாது. மத்த நாள்ல அஞ்சரைக்கு அலாரம், அரை இட்லி, ஓட்டம். வாட்டர் பாட்டில் நிரம்பினபடியே வீட்டுக்குத் திரும்பும், ஏன்னா ஸ்கூல் டாய்லெட்டுக்குப் போகவே பிடிக்காது. பொண்ணுங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். தூக்கமும் சாப்பாடும் தண்ணியும் தவறினா மைக்ரேன் கிளம்பும். லீவுல குறையுதுங்கிறதே ஒரு துப்புதான்.

இப்ப மாத்திரை. பையில ஒரு ஸ்ட்ரிப், வலிச்சா ஒண்ணு. இங்கதான் சிக்கல். சாதாரண வலி மாத்திரையை மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலயோ, மூணு மாசத்துக்கு மேல போட்டுட்டே இருந்தா, அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். பல மருந்து கலந்த மாத்திரைன்னா 10 நாளே போதும். ஆஸ்பிரின் மட்டும் டாக்டர் சொல்லாம பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

2017ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 8 முதல் 17 வயசு வரைக்கும் உள்ள மைக்ரேன் பிள்ளைகளை மூணு குழுவாப் பிரிச்சு, ரெண்டு குழுவுக்கு மைக்ரேன் வராம தடுக்குற மருந்து, ஒரு குழுவுக்கு வெறும் போலி மாத்திரை. தலைவலி நாட்கள் பாதியா குறைஞ்சவங்க: மருந்துல 52, 55 சதவீதம், போலி மாத்திரையில 61! வலி பொய்னு இதுக்கு அர்த்தம் இல்ல. யாரோ ஒருத்தர் நம்பி, உட்கார வச்சு, எத்தனை நாள் வலிச்சுதுன்னு கேட்டதுலயே பாதி வேலை நடந்திருக்கும்னு தோணுது. இது என் ஊகம் மட்டும்தான்.

ஆனா காத்திருக்கக் கூடாத சமயமும் உண்டு. தூக்கத்துல இருந்து எழுப்புற வலி, காலையில எழுந்ததும் வாந்தி, ரெண்டு ரெண்டா தெரியுறது, கை கால் வலுவிழக்கிறது, காய்ச்சலோட கழுத்து இறுக்கம், தலையில அடிபட்ட பிறகு வர்ற வலி... இதுல எது இருந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி.

மத்தபடி, அந்த நேயருக்கு: ஒரு மாசம் ஒரு சின்ன நோட்டு போடுங்க. எந்த நாள், எத்தனை மணிக்கு, முந்தின ராத்திரி எவ்வளவு தூக்கம், காலையில என்ன சாப்பிட்டா, மாத்திரை போட்டாளா. அதை எடுத்துட்டுப் போய் டாக்டரைப் பாருங்க. தங்கச்சியே எழுதட்டும், அம்மா எழுத வேண்டாம். பீரியட்ஸ் தேதியையும் குறிக்கச் சொல்லுங்க.