தலைமையாசிரியருக்குத் தோள் கொடுப்போம்



தமிழ்ப்பள்ளிகளுக்கு நீங்கள் ஆற்றிவரும் தொண்டைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். கட்டடத்திற்கும் கணினிக்கும் கல்வி நிதிக்கும் வாரி வழங்கிய கைகளை வாழ்த்துகிறேன். ஆயினும் இன்று வேறோர் உதவியை வேண்டி நிற்கிறேன்.

நம் மலேசிய நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல, 150-க்கும் குறைந்த மாணவர்களைக் கொண்ட சிறிய பள்ளிகள். அங்கே தலைமையாசிரியர் நிர்வாகமும் பார்க்க வேண்டும். பாடமும் நடத்த வேண்டும். கூரை ஒழுகினாலும் பேருந்து வராவிட்டாலும் அவர் மேசைக்கே வரும். நிர்வாகம், மாணவர் நலம், புறப்பாட நடவடிக்கை ஆகியவற்றைக் கவனிக்கத் துணைத் தலைமையாசிரியர்கள் உண்டு. அவர்களை நாம் எந்த அளவுக்கு நம்புகிறோம்?

என் குறையையே சொல்கிறேன். தோட்டப்புறப் பள்ளியொன்றில் நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டு அது. கோப்புகள் எல்லாம் என் அலமாரியில். சாவி என் சட்டைப்பையில். துணைத் தலைமையாசிரியை திறமைசாலி. “சார், ஏதாவது ஒரு வேலையை என்னிடம் கொடுங்களேன்” என்று பலமுறை கேட்டார். “இருக்கட்டும் டீச்சர், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பேன். அதைக் கடமையுணர்ச்சி என்றே எண்ணினேன்.

அவ்வாண்டு நெஞ்சுவலி வந்து மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தேன். ஏழை மாணவர் உதவி மனுக்கள் பூட்டிய அலமாரியிலேயே இருந்தன. இறுதி நாள் கடந்துவிட்டது. 11 பிள்ளைகளுக்கு உதவித்தொகை கிட்டவில்லை. அவர்களுள் ஒருவரின் தாயார் என்னைக் கண்டபோது குறை கூறவில்லை, “உடம்பு தேவலையா சார்?” என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என்னைச் சுடுகிறது.

பின்னர், பணி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மாதம் ஒருமுறை என்னைப் பார்க்க வரலானார். நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்பார். பிறகு, “தம்பி, இவற்றில் எதை நீங்கள் மட்டுமே செய்ய முடியும்?” என்பார். மற்றவற்றைத் துணையாசிரியர்களிடம் ஒப்படைத்தேன். வேலையை மட்டுமன்று, முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்தே கொடுத்தேன். அந்த ஆசிரியை பிற்காலத்தில் வேறொரு பள்ளிக்குத் தலைமையேற்றபோது தடுமாறவில்லை.

அரசாங்கமும் இதனை உணர்ந்துள்ளது. கல்வி நிர்வாகப் பயிற்சிக்கென்றே 1979-இல் தொடங்கப்பட்டது, இன்று அமினுதீன் பாக்கி கழகம் எனப்படும் நிறுவனம். 2013 - 2025 கல்விப் பெருந்திட்டத்தின்கீழ், தலைமையாசிரியர்களுக்கு வழிகாட்டும் அதிகாரிகள் மாவட்டக் கல்வி இலாகாக்களில் நியமிக்கப்பட்டனர். அது நல்ல ஏற்பாடு. எனினும், மேலதிகாரியிடம் மனச்சுமையை இறக்கி வைக்க எல்லாராலும் இயலாது. அந்த இடத்தில்தான் நம் தொண்டு தேவைப்படுகிறது.

மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். ஒன்று, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் ஆளுக்கொரு சிறிய பள்ளியை ஏற்று, மாதம் ஒருமுறை சென்று வர வேண்டும்; அவர்தம் பயணச் செலவை நன்கொடையாளர்கள் ஏற்கலாம். இரண்டு, நன்கொடை பற்றிப் பேசத் தலைமையாசிரியரை அழைக்கும்போது துணைத் தலைமையாசிரியரையும் அழையுங்கள். நாளை அந்த நாற்காலியில் அமரப்போகிறவர் அவராகவே இருக்கலாம். மூன்று, காசோலை வழங்கும் நிகழ்ச்சியைப் பள்ளி நேரத்தில் வைக்காதீர்கள். ஒரு மாலைக்கும் புகைப்படத்திற்கும் அவருடைய அரை நாள் போய்விடுகிறது.

நம் கோயில் அன்னதானத்தை நினைத்துப் பாருங்கள். பந்தியில் பரிமாற நூறு கைகள் வரும். பின்கட்டில் அண்டா கழுவ நான்கு கைகளே இருக்கும். அந்த நான்கு கைகள் ஓய்ந்தால் மறுநாள் அடுப்பெரியாது. அடுத்த முறை ஒரு பள்ளிக்குச் செல்லும்போது, “ஐயா, அம்மா, உங்கள் வேலையில் எதை நாங்கள் வாங்கிக்கொள்ளலாம்?” என்று கேளுங்கள். அதுவும் இறைபணியே.