சூட்கேஸ் உதறினா மோட்டார் போயிடுச்சா?

இந்த எபிசோடில் பேசப்போறது, மேல உட்கார்ந்து ஓட்டிக்கிட்டே போற எலக்ட்ரிக் சூட்கேஸ் பத்தி. ஈ-ஸ்கூட்டர் ரிப்பேர் பண்ற என் கடைக்கு இப்போ இதுவும் வருது. முதல் சூட்கேஸ் வந்தப்போ நான் பண்ணின தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கொண்டு வந்தவர் ஒரு பெரியவர். முழங்கால் வலி. ஏர்போர்ட்டில் ரொம்ப தூரம் நடக்க முடியலைன்னு மகள் வாங்கிக் கொடுத்தது. "ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா உதறுது தம்பி, நகர மாட்டேங்குது" என்றார். நான் உதறலைப் பார்த்த உடனே, "மோட்டார் போயிடுச்சுங்க ஐயா" என்று சொல்லிவிட்டேன். புது மோட்டார் வரவழைச்சு மாட்டினேன். பத்தே நாளில் மறுபடியும் அதே உதறல். அப்புறம்தான் பொறுமையா பிரிச்சுப் பார்த்தேன். கனெக்டருக்குள்ள ஒரு சின்ன பின் பின்னால தள்ளிப்போயிருந்தது. பழைய மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஏன் அப்படி உதறுதுன்னு சொல்றேன். இந்த சூட்கேஸ்களில் பெரும்பாலும் சக்கரத்துக்குள்ளேயே பிரஷ்லெஸ் மோட்டார் இருக்கும். கரன்ட் போக மூணு தடிமனான வயர். காந்தம் இப்போ எந்த இடத்தில் இருக்குன்னு கன்ட்ரோலருக்குச் சொல்ல மூணு ஹால் சென்சார். அதுக்கு அஞ்சு மெல்லிய வயர். இதில் ஏதாவது ஒண்ணு லூஸ் ஆனாலும் கன்ட்ரோலர் குழம்பிடும். சக்கரம் முன்னும் பின்னும் உதறும். காலால ஒரு தள்ளு தள்ளினா சில சமயம் ஓடவும் செய்யும். அப்படி ஓடினா, முதல்ல சென்சார் வயரையும் கனெக்டரையும் பாருங்க.

வீட்டிலேயே நீங்க பார்க்கக்கூடியது மூணு சோதனை.

முதல் சோதனை கைச்சுற்று. பவரை ஆஃப் பண்ணிட்டு சக்கரத்தைத் தூக்கி கையால சுத்துங்க. லேசா, ஒரே சீரா தடுக்கினா அது காந்தம், பயப்பட வேண்டாம். கரகரன்னு சத்தம் வந்தா பேரிங், இல்லேன்னா அச்சில் சுத்தின முடி, நூல். பிசினுக்குள்ள சுத்துற மாதிரி கனமா இருந்தால் தடிமன் வயர்கள் எங்கேயோ ஒண்ணோட ஒண்ணு ஷார்ட் ஆகியிருக்கலாம். கடையில் மோட்டார் கனெக்டரைக் கழட்டிட்டு மறுபடி சுத்தச் சொல்லுங்க. கனம் போயிட்டா தப்பு கன்ட்ரோலரில். போகலைன்னா மோட்டாரில், அல்லது அதன் வயரில்.

ரெண்டாவது, எடை. சக்கரத்தைத் தூக்கிப் பிடிச்சா நல்லா சுத்துது, ஆள் உட்கார்ந்ததும் மொத்தமா ஆஃப் ஆகுது, விளக்கும் அணையுது என்றால் பேட்டரியைச் சந்தேகப்படுங்க. விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்க, சக்கரம் மட்டும் உதறினா மோட்டார் பக்கம் பார்க்கணும்.

மூணாவது, சூடும் வாசனையும். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு சக்கரத்தின் நடுப்பகுதி பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்க. வெதுவெதுப்பு சகஜம். கை வைக்க முடியாத சூடோ, கருகின வாசனையோ வந்தால் அதுக்கு மேல ஒரு அடிகூட ஓட்டாதீங்க. காயிலின் மேல்பூச்சு கருகிக்கிட்டு இருக்கலாம். இந்த இடத்தில்தான் மோட்டாரை மாத்துற பேச்சு வரும்.

இன்னொண்ணு. சும்மா நின்னுபோன சூட்கேஸை இழுத்துக்கிட்டாவது போகலாம். ஷார்ட் ஆன சக்கரத்தை இழுக்கிறதே பாடு. உதறுற சூட்கேஸ் அதைவிட மோசம், வயசானவங்களைக் கீழே தள்ளிடும். அதனால பயணத்துக்கு முந்தின ராத்திரி பார்க்காதீங்க. ஒரு வாரம் முன்னாடியே பார்த்துடுங்க, சரிபண்ண நேரம் இருக்கும்.

அந்தப் பெரியவர் இப்பவும் ஊருக்குப் போறதுக்கு முன்னாடி கடைக்கு வருவார். சக்கரத்தை அவரே தூக்கிச் சுத்திக் காட்டி, "கேளு தம்பி, சத்தம் இல்லை" என்பார். நானும் இப்போ கேட்டுட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.