இருதயத்தைச் சுற்றித் தண்ணீர்: வைத்தியரிடம் மறைக்கக் கூடாதவை



வைத்தியசாலைகளில் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்ப்புச் செய்வது என் தொழில். "இருதயத்தைச் சுற்றித் தண்ணீர் கட்டியிருக்கிறது" என்று வைத்தியர் சொன்னதும் குடும்பமே கலங்கிப்போவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன்.

இருதயம் ஒரு மெல்லிய உறைக்குள் இருக்கிறது. அந்த உறைக்குள் 15 முதல் 50 மில்லிலீற்றர் வரை நீர் எல்லோருக்கும் உண்டு. இருதயம் உரசாமல் துடிக்க அது உதவுகிறது. மெல்ல மெல்லக் கூடினால் உறை விரிந்து கொடுக்கும். ஒரு லீற்றர் சேரும்வரைகூடச் சிலருக்குத் தெரியாது. ஆனால் சட்டென்று 200 மில்லிலீற்றர் சேர்ந்தாலே இருதயம் நெரிபட்டு, இரத்தத்தை வாங்கி அனுப்ப முடியாமல் திணறும்.

படுத்தால் மூச்சு முட்டுவது, எழும்பி முன்னுக்குச் சாய்ந்து இருந்தால் சுகமாக இருப்பது, நெஞ்சு நோ, தலைச்சுற்று இவற்றை "வாய்வு", "வயது" என்று தள்ளிவிடாதீர்கள். எக்கோ ஸ்கானில் நீர் தெரிந்துவிடும். கொஞ்சம் என்றால் பெரும்பாலும் மருந்தும் கண்காணிப்பும் போதும். இருதயத்தை நெரித்தால், ஸ்கானில் பார்த்தபடி ஊசி செலுத்தி, மெல்லிய குழாய் வைத்து வடிப்பார்கள். திரும்பத் திரும்பச் சேர்ந்தால், உறையில் சிறு துவாரமிடும் சத்திரசிகிச்சையும் உண்டு.

வடித்தால் மட்டும் போதாது. ஏன் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். வைரஸ், சிறுநீரக நோய், தைரொயிட் குறைபாடு, புற்றுநோய், காசநோய் எனக் காரணங்கள் பல. இங்கேதான் எங்கள் ஆட்கள் வாய் மூடுகிறார்கள். மகன் மொழிபெயர்க்கும்போது "ஊரில் ஒரு வருத்தமும் இருக்கவில்லை" என்று சொல்லும் அம்மாமார், அவன் வெளியே போனதும் காசநோய்க்கு மருந்து எடுத்த கதையைச் சொல்வார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதற்கு வழக்கமாக ஆறு மாத மருந்து உண்டு. மறைத்தால் நீர் மறுபடி சேரலாம். உறை தடித்து இருதயத்தை இறுக்கவும் கூடும்.

பிள்ளைக்கு முன்னால் சொல்ல முடியாதது இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி.

இன்னொன்று. கால் வீங்கினால் தெரிந்தவரின் "தண்ணிக் குளிசை"யை வாங்கிப் போடாதீர்கள். நெரிபட்ட இருதயத்துக்கு வரும் இரத்தம் மேலும் குறைந்து, நிலைமை மோசமாகலாம்.

திடீரென மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால், விடியட்டும் என்று பார்த்திருக்காமல் அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.