முதலீட்டாளரின் கண்ணீர்!

(தாடிக்கொம்புப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்கள் ஊருக்குத் தேய்பிறை அஷ்டமிதோறும் வெளியூர்க் கூட்டம் திரண்டு வருகிறது. சௌந்தரராசப் பெருமாள் கோயில் தூண்களிலே உயிர்பெற்று நிற்கும் சிற்பங்களைக் கண்டு, செதுக்கியவன் திறனை வியக்கவா வருகிறார்கள்? அப்படி வருவோர் சிலர். பலர் வருவது சொர்ண ஆகர்ஷண பைரவரிடம் முறையிட! கடன் தீரவேண்டும், கைவிட்டுப் போன பொருள் திரும்பவேண்டும் என்று வேண்ட! வேண்டுதல் பலிக்குமா என்ற வாதத்தை இன்று நான் எடுக்கவில்லை. அதற்கு வேறொரு மேடை இருக்கிறது. நான் கேட்பது இது: கைவிட்டுப் போன பொருள் எங்கே போய்ச் சேர்ந்தது?

கைப்பேசியிலே ரம்மி ஆடித் தோற்றவன் பணம், குடகனாற்றைக் கடந்து, கடலையும் கடந்து போயிற்று என்றால் நம்புவீர்களா? ஜங்கிலி என்ற ரம்மி நிறுவனத்தின் பாதிக்கு மேற்பட்ட பங்கை 2021-இல் வாங்கியது, அயர்லாந்து நாட்டிலே தோன்றிய பிளட்டர் என்ற பன்னாட்டுச் சூதாட்ட நிறுவனம். அதே 2021-இல், ஆகஸ்ட் 3 அன்று, ஜங்கிலி உள்ளிட்டோர் தொடுத்த வழக்கிலே, தமிழ்நாட்டின் தடைச் சட்டத்தை ரத்துச் செய்தது சென்னை உயர் நீதிமன்றம். ஆடுபவன் இங்கே! ஆட்டத்தின் உரிமையாளன் அங்கே! இடையிலே நம் சட்டம் சாய்ந்து கிடந்தது.

பிறகு வந்தது 2025 ஆகஸ்ட். பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்யும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. உடனே எழுந்தது ஓர் ஓலம்! அடகு வைத்த தாலியை மீட்கமுடியாத தாயின் ஓலமா? தந்தை மாண்டபின் கடன்காரனுக்குப் பதில் சொல்ல நின்ற சிறுவனின் ஓலமா? அவையெல்லாம் ஆண்டுக்கணக்கிலே கேட்டும், கேளாச் செவிகளாக இருந்தன. இது முதலீட்டாளரின் ஓலம்! "25,000 கோடி ரூபாய் அந்நிய முதலீடு வந்திருக்கிறதே! இரண்டு லட்சம் பேருக்கு வேலை தருகிறோமே! ஆண்டுக்கு 20,000 கோடி வரி கட்டுகிறோமே!" என்று ஆட்ட நிறுவனச் சங்கங்கள் ஒன்றிய உள்துறை அமைச்சருக்கு மடல் விடுத்தன. பங்குச் சந்தையிலே நசாரா, டெல்டா கார்ப் பங்குகள் சரிந்தன. போக்கர் ஆட்ட நிறுவனத்திலே போட்ட முதலில் 900 கோடிக்கு மேல் இழப்பெனக் கணக்கெழுதியது நசாரா.

20,000 கோடி என்றார்களே, அந்த எண்ணை மறந்துவிடாதீர்கள். மசோதா வந்தபோது ஒன்றிய அரசுத் தரப்பு சொன்ன கணக்கு ஒன்று உண்டு. ஆண்டுதோறும் 45 கோடிப் பேர் இந்த ஆட்டங்களிலே இழக்கும் தொகை, ஏறக்குறைய 20,000 கோடி! வரி என்று அவர்கள் மார்தட்டும் தொகையும், மக்கள் இழந்ததாகச் சொல்லப்படும் தொகையும் ஒன்றாகவே வந்து நிற்கும் விந்தையைப் பாருங்கள். அவர்கள் கட்டியதாகச் சொல்லும் வரியைக் கட்டியவன் யார் என்பதைப் புரிந்துகொள்ள, நிதியமைச்சகத்துக்குப் போகத் தேவையில்லை.

"இது சூது அல்ல, திறமை!" என்கிறார்கள். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். ஆயினும் கழித்தல் கணக்குத் தெரியும். ஆறு பேர், ஆளுக்கு 100 ரூபாய். மேசையிலே 600. ஒவ்வொரு சுற்றிலும் நிறுவனம் பத்தில் ஒரு பங்கைக் கட்டணமாக எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மிஞ்சியதை மீண்டும் வைத்து ஆடினால், ஏழாவது சுற்று முடிவதற்குள் பாதிக்குமேல் போய்விடும். பத்தாவது சுற்றின் முடிவில் மேசையிலே இருப்பது 209 ரூபாய்! ஆறு பேரும் மேதைகளாகவே இருக்கட்டும். மேசையிலே மிஞ்சுவது அதே 209தான். யார் முந்தித் தோற்பது என்பதை வேண்டுமானால் திறமை தீர்மானிக்கும். 391 ரூபாயை எடுத்துச் சென்றவன் ஒரு சீட்டைக்கூடக் கையில் பிடிக்கவில்லையே! அந்த 391-ஐ நம்பித்தான், முதலீட்டாளர் முதல் போட்டார்.

நான் நாடகம் எழுதுபவன். பாண்டவர் சூதாடிய காட்சியிலே தருமரை அழவைக்கலாம், பாஞ்சாலியைக் கனல் கக்கப் பேசவைக்கலாம். "பகடை உருட்டுவது நின்றால் என் முதல் முழுகிவிடுமே" என்று சகுனியை அழவைத்தால், கொட்டகையிலே செருப்பு பறக்கும். தில்லியிலே அந்தக் காட்சிக்கு மடல் எழுதி அனுதாபம் கேட்டார்கள்!

ஆனால் ஒன்றை மறைத்துப் பேசமாட்டேன். அந்தப் பங்குகளை வாங்கியோரில், சிறுகச் சேர்த்த சேமிப்பைப் போட்ட ஆசிரியர் இருப்பார், கடை ஊழியர் இருப்பார். அந்நிறுவனங்களிலே வேலை இழந்த இளைஞர், நம் வீட்டுப் பிள்ளைகள். 2003 சனவரியிலே தமிழ்நாட்டில் லாட்டரி தடைசெய்யப்பட்டபோதும், தெருத்தெருவாகச் சீட்டு விற்றுப் பிழைத்த ஏழைகள் தவித்தார்கள். இத்தனைக்கும் 1968-இல் பரிசுச் சீட்டைத் தொடங்கியதே அரசுதான். அவர்களுக்கு மாற்று வழி காட்டுவது அரசின் கடன். அதற்காகச் சூதுக்கடையைத் திறந்துவை என்பது வாதமாகாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1956-இல் கிளப்புகளிலே சூதாட்டப் பொறிகளுக்கு அனுமதி தந்தது. கருவூலம் அந்த வருவாய்க்குப் பழகியபின், விடுவது எத்தனை கடினம் என்பதை அந்நாடு இன்றளவும் கண்டுகொண்டிருக்கிறது.

இனி, உரிமை பற்றி. பூட்டுக்குப் பெயர்போன திண்டுக்கல் சீமையிலே நின்று பேசுகிறேன். பந்தயமும் சூதும் மாநிலப் பட்டியலின் 34-ஆம் இனம். தமிழ்நாடு பூட்டுச் செய்தது. நீதியரசர் சந்துரு குழு ஆராய்ந்து அறிக்கை தந்தபின், 2022 அக்டோபர் 19 அன்று பேரவை மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் மாதக்கணக்கிலே வைத்திருந்து, 2023 மார்ச்சில், பேரவைக்கு அதிகாரமில்லை என்று திருப்பியனுப்பினார். மீண்டும் நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றோம். அவ்வாண்டு நவம்பர் 9 அன்று, சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றைத் தடுக்க முடியாது என்றது உயர் நீதிமன்றம். நம்மால் முடிந்தது, 2025 பிப்ரவரியில், நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை ஆட்டம் கூடாது என்று விதி செய்தது! தில்லிக்கோ 2025 ஆகஸ்ட் 20, 21, 22 — மக்களவை, மாநிலங்களவை, குடியரசுத் தலைவர் — மூன்றே நாள்! அங்கே வேகம், இங்கே மாதக்கணக்கிலே தாமதம். தடையை வரவேற்கிறோம். பூட்டு நல்ல பூட்டுதான். சாவி ஏன் தில்லியில் மட்டும் தொங்கவேண்டும் என்ற கேள்வியைக் கைவிடமாட்டோம்.

பெரிய நிறுவனங்கள் பணம் வைத்தாடும் ஆட்டத்தை நிறுத்திவிட்டன. ஆனால் வெளிநாட்டிலிருந்து இயங்கும் செயலிகள், முகவரி இல்லாமல், பெயர் மாற்றி மாற்றிக் கைப்பேசிக்குள் நுழைகின்றன. அவற்றை வழக்குமன்றம் தேடிப்பிடிக்குமுன், நாம் தேடிப்பிடிக்கலாம். கிளைக் கழகத் தோழர்களே, உங்கள் தெருவிலே இந்த ஆட்டத்தால் நகையை அடகு வைத்த வீடுகள் எத்தனை, கந்துக்காரனிடம் மாட்டியவர் எத்தனை பேர் என்று கேட்டு எழுதி வாருங்கள். ஏளனம் வேண்டாம், அறிவுரை வேண்டாம், பெயரும் வேண்டாம். எந்தச் செயலி, எவ்வளவு தொகை என்பது போதும். அந்தப் பட்டியலோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு நாம் சேர்ந்தே போவோம்.