தொழிலாளர் கழகத்துள் அரசின் கை

(பொழிவின் எழுத்து வடிவம்)



உழைப்பவர் தம் உழைப்பின் விலையைத் தாமே பேசிப் பெறுதற்கென்று கூடிய அமைப்பே தொழிலாளர் கழகம். அதனுள் முதலாளியின் கை நுழைதல் ஆகாது. அரசின் கை நுழைதலும் ஆகாது. இதனை மறுப்பார் இலர். ஆனால், அக்கழகத்தின் கதவைக் கொலைஞர் உட்புறம் தாழிட்டுக்கொண்டு, உள்ளிருக்கும் உழைப்பாளியின் வாயையும் அடைத்துவிட்டால், அத்தாழைத் திறப்பவர் யார்? அமெரிக்க நாட்டில் இவ்வினா வெறும் பேச்சாக நிற்கவில்லை. வழக்காகி, தீர்ப்பாணையாகி, 31 ஆண்டுகள் நடந்தது.

டீம்சுடர்சு என்னும் வண்டியோட்டிகள் கழகம் 1903-இல் தோன்றியது. 'டீம்' என்பது ஒரு நுகத்திற் பூட்டிய விலங்குகள். அவற்றை ஓட்டுவோர் 'டீம்சுடர்'. குதிரை போய்ச் சரக்குந்து வந்த பின்னும் அக்கழகத்தின் இலச்சினையில் இரு குதிரைத் தலைகள் நிற்கின்றன. 1980-களின் இறுதியில் அதன் உறுப்பினர் ஏறத்தாழ 16 இலக்கம் பேர். அவர்கள் கைகட்டி நின்றால் கடைக்குச் சரக்கு வாராது. ஆலைக்குக் கரி வாராது. இத்துணை ஆற்றல் குவிந்த இடத்தை மாபியா எனப்படும் குற்றக் குழுவினர் விட்டுவைப்பரோ?

அவர்தம் கண் பட்டது இரண்டின்மேல். ஒன்று, வேலை நிறுத்தம் என்னும் படைக்கலம். வண்டி தடையின்றி ஓடவேண்டுமாயின் பணம் தருக என முதலாளியை மிரட்டலாம். அவன் தந்தபின் உழைப்பாளியின் கூலியைக் காட்டிக்கொடுக்கலாம். மற்றொன்று, ஓய்வூதிய வைப்பு. நடுமாநிலங்களின் வண்டியோட்டிகளுக்கென 1955-இல் தொடங்கப்பட்ட அவ்வைப்பிலிருந்து கோடி கோடியாய்ப் பணம் நெவாடா மாநிலத்து இலாசு வேகாசு நகரின் சூதாட்ட மாளிகைகளுக்குக் கடனாகச் சென்றது. கழகம் என்னும் சொல்லைத் திருவள்ளுவர் சூது என்னும் அதிகாரத்துச் சூதாடும் களத்திற்கு வழங்கியிருத்தல் தமிழ் கற்றார் அறிந்ததே. அச்சொல்லின் இருபொருளும் ஒருங்கே பொருந்திய கழகம் உலகில் வேறொன்று இருந்திராது!

அரசு அறியாமல் இல்லை. 1957-இல் மெக்கிளெல்லன் தலைமையில் அமைந்த மேலவைக் குழு, இளைஞரான இராபர்ட்டு கென்னடியைத் தலைமை வழக்கறிஞராகக் கொண்டு உசாவியது. அவ்வாண்டிறுதியில் நாட்டின் தொழிற்கழகங்களின் கூட்டமைப்பே டீம்சுடர்சை வெளியேற்றியது. 1959-இல் உறுப்பினரின் பேச்சுரிமைக்கும் கணக்குக் காட்டலுக்கும் மறைவான தேர்தலுக்கும் சட்டம் வந்தது. தலைவர் சிம்மி ஓபா 1967-இல் சிறை புகுந்தார். 1971-இல் குடியரசுத் தலைவர் நிக்சனின் ஒறுப்புக் குறைப்பால் வெளிவந்தார். 1975 சூலை 30-இல் டெட்ராய்ட்டு நகரின் புறத்தே ஓர் உணவகத்தின் முன்னிருந்து காணாமற் போனார். இன்றுவரை உடலும் கிடைத்திலது.

சட்டம் ஏட்டில் இருந்தது; அதனைக் கையில் எடுக்க நெஞ்சுரம் வேண்டுமே! நியூசெர்சி மாநிலத்தின் 560-ஆம் கிளையைக் காண்க. அதனை ஆண்டவர் புரோவென்சானோ. செனோவீசு என்னும் குற்றக் குழுவைச் சேர்ந்தவர். அக்கிளையிலேயே அவர்க்குப் போட்டியாக வளர்ந்த பொருளாளர் 1961-இல் மறைந்தார். 17 ஆண்டுகள் கழித்தே அக்கொலைக்காகப் புரோவென்சானோ வாழ்நாள் சிறை பெற்றார். அவர் சிறையில் இருந்த காலத்தும் கிளை அவர் சுற்றத்தாரிடமே இருந்தது. ஒரு தலையை வெட்டினால் மறுதலை முளைக்கும் நிலை. எனவே 1982-இல் அரசு வேறு வழியை நாடியது. குற்றவாளியை மட்டும் பிடியாது, குற்றக் குழு கைப்பற்றிய அமைப்பையே அறமன்றத்தின் பொறுப்பில் வைக்க இடந்தரும் 1970-ஆம் ஆண்டின் 'ரிக்கோ' சட்டத்தின்படி வழக்குத் தொடுத்தது. 1986-இல் அக்கிளை அறமன்றம் அமர்த்திய பொறுப்பாளரிடம் வந்தது.

ஈண்டு ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது. 1988-இல் அக்கிளைக்குத் தேர்தல் வைத்தனர். பழைய குழுவின் தலைவர் ஒருவர் நிற்கக்கூடாதென அறமன்றம் தடுத்தது. உறுப்பினர் என் செய்தனர்? அவர்தம் உடன்பிறந்தாரையே பெருவாரியாகத் தேர்ந்தெடுத்தனர்! அச்சமோ, பழக்கமோ, 'எங்கள் வீட்டுள் நீ யார்' என்று அரசின்மேற் கொண்ட சினமோ, மூன்றும் கலந்ததோ! ஆணை ஒன்றால் ஓராண்டில் அடிமை மனம் மாறிவிடும் என்பார் இதற்கு விடை கூறட்டும். அக்கிளையின் கண்காணிப்பு 1999 வரை நீண்டது.

இனித் தலைமைக்கு வருவோம். 1981-இல் தலைவரான இராய் வில்லியம்சு, மேலவை உறுப்பினர் ஒருவர்க்குக் கையூட்டுத் தர முயன்ற வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றார். அடுத்து வந்த சாக்கி பிரசர்மீது 1986 மே திங்களில் குற்றச்சாட்டு எழுந்தது. சில நாளில் இலாசு வேகாசில் கழக மாநாடு. அங்கு நடந்த விருந்துக்கு, உரோமப் படைமறவர் போல் உடுத்தவர் சூழ, அரியணையில் அமர்ந்தவாறே அவர் உலா வந்தார். பேராளர் 1729 பேர் அவரை ஏற்றனர். எதிர்த்தவர் 24 பேர். அந்த 24 பேரின் துணிவை எண்ணிப் பாருங்கள்! சரக்குந்து ஓட்டியவனுக்கோ தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஒப்போலையே இல்லை.

1988 சூன் திங்களில் கழகத்தின் முழுத் தலைமையையும் அறமன்றத்தின் பொறுப்பில் வைக்கக்கோரி அரசு வழக்கிட்டது. கழகத்திலேயே 1976 முதல் நேர்மைக்குப் போராடிவந்த உறுப்பினர் அணி ஒன்று, 'அரசு எங்களை ஆளவேண்டா. எங்கள் கையில் ஒப்போலையைத் தருக' என்றது. இந்நெடிய வழக்கில் எழுந்த அறிவுரைகளுள் தலையாயது இதுவே எனலாம். 1989 மார்ச்சு 14-இல் இருதரப்பும் இசைந்த தீர்ப்பாணையில் அது இடம்பெற்றது. ஆளுகையைப் பார்க்க ஒருவர், உசாவலுக்கு ஒருவர், தேர்தலுக்கு ஒருவர் என மூவர் அமர்த்தப்பட்டனர். குற்றக் குழுவினருடன் அறிந்தே உறவாடுவதும் நீக்கத்திற்குரிய குற்றமாயிற்று. இது கடுமையே, கொலை மெய்ப்பிக்கப்படுங்காறும் காத்திருந்த காலத்தின் விளைவைக் கண்டவர் இக்கடுமையைக் குறைகூறார். நூற்றுக்கணக்கானோர் வெளியேறினர். செலவிற் பெரும்பகுதி உறுப்பினர் கட்டணத்திலிருந்தே சென்றது என்பதையும் மறைத்தலாகாது.

1991-இல் உறுப்பினர் அனைவர்க்கும் முதன்முறை ஒப்போலை கிட்டியது. வென்றவர் கேரி; முன்பு சரக்குந்து ஓட்டியவர். 1997 ஆகத்து திங்களில் யூ.பி.எசு. என்னும் பொதிசுமக்கும் நிறுமத்தில் 1,85,000 தொழிலாளர் 15 நாள் வேலைநிறுத்தம் செய்து, பகுதிநேர வேலைகளில் 10,000-ஐ முழுநேர வேலையாக்கும் உறுதி பெற்றனர். அவ்வெற்றி முழக்கம் அடங்குமுன், கழகப் பணத்தைச் சுற்றுவழியில் தம் தேர்தலுக்குத் திருப்பிய குற்றத்தால் கேரியின் அணி 1996-இல் பெற்ற வெற்றி செல்லாது என அறிவிக்கப்பட்டது. கேரி மறுதேர்தலில் நிற்கவும் தடுக்கப்பட்டார். 2001-இல் பொய்யுரை வழக்கில் அவரைச் சான்றாயம் குற்றமற்றவர் என்று விடுவித்தது. ஆயினும் கழகத்தின் கதவு அவர்க்கு மீளத் திறக்கவில்லை. மாபியாவின் ஆள் அல்லாதவரையும், தொழிலாளர்க்கு வெற்றி தேடித்தந்தவரையும் அதே கோல் அளந்தது. அதனைக் கண்டு மகிழ்ந்தவர் முதலாளிகளே என்பதும் உண்மை. 1998-இல் வென்றவர் சிம்மி ஓபாவின் மகன். அவரையும் உறுப்பினரின் ஒப்போலையே அமர்த்திற்று.

2015-இல் அரசும் கழகமும் செய்த உடன்பாட்டின்படி, ஐந்தாண்டு இடைக்காலம் கழிந்து, 2020 பிப்ரவரியில் அரசின் கண்காணிப்பு முடிந்தது. கழகத்தைச் சாராத ஒழுங்காணையர் இன்றும் உளர். நேரடித் தேர்தலும் நிலைபெற்றது. 2021 தேர்தலில் ஓபாவின் மகன் துணைநின்ற அணி தோற்றது. வெளியிலிருந்து எவரும் ஆணையிடாமல் தலைமை மாறிற்று. ஒப்போலை அஞ்சல்வழி ஒவ்வோர் உறுப்பினர் வீட்டிற்கும் சென்றது. அதனைத் திருப்பி அனுப்பியவர் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவரே.